வாட்ச் காட்டும் கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா? எடை குறைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் காலை ஆறரை மணிக்கு இந்தப் பேச்சு தினமும் காதில் விழும். நடை முடித்தவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து "390 போயிருக்குங்க" என்பார். உடன் வந்தவர், "அப்ப ஒரு காபி, ரெண்டு வடை தாராளமா சாப்பிடலாங்ணா" என்பார். இருவரும் நேராக மெஸ்ஸுக்குப் போவார்கள்.

எடை குறைக்கத் தொடங்கியபோது நானும் இதைத்தான் செய்தேன். வயது 45, உயரம் 170 செ.மீ., எடை 84 கிலோ, நாள் முழுக்க உட்கார்ந்து கணக்கு எழுதும் வேலை. தினமும் ஒரு மணி நேரம் நடந்து, ஆப்பில் ஒவ்வொரு கவளத்தையும் பதிந்து, ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் 400 கிராம் குறைந்திருந்தது. மனம் விட்டுப்போனது. அடுத்த இரண்டு மாதம் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன்: எவ்வளவு ஓடினாலும் ஒரு கலோரிகூடத் திரும்பச் சாப்பிடுவதில்லை. எடை இறங்கியது. கூடவே தூக்கம் கெட்டது, படிக்கட்டில் தலை சுற்றியது, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். இரண்டும் தப்பு என்று புரிந்த பிறகுதான் இந்தக் கணக்கை ஒழுங்காகப் படித்தேன்.

முதலில் சுருக்கமான பதில். உங்கள் தினசரி உணவு அளவிலேயே உடற்பயிற்சி சேர்ந்திருந்தால் எதையும் திரும்பச் சாப்பிட வேண்டாம். சேரவில்லை என்றால், எரித்ததில் ஏறத்தாழ பாதியைச் சாப்பிடுங்கள். நீண்ட தூரம் ஓடுபவர்கள், சைக்கிள் மிதிப்பவர்கள், ஏற்கெனவே ஒல்லியானவர்கள் பாதிக்கு மேல் சாப்பிட்டாக வேண்டும். இதை உங்கள் உடம்புக்குப் பொருத்துவது எப்படி என்பதை இனிப் படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: உங்கள் தினசரி அளவு எங்கிருந்து வந்தது?

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஒரு நாளில் உடம்பு செலவழிக்கும் ஆற்றலுக்கு நான்கு பங்குகள் உண்டு. சும்மா படுத்திருந்தாலும் இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் இயங்க ஆகும் செலவு முதலாவது. இதுதான் பெரிய பங்கு. சாப்பிட்டதைச் செரிக்க ஆகும் செலவு இரண்டாவது, மொத்தத்தில் பத்து சதவீதம் போல வரும். நிற்பது, கடைக்குப் போவது, துணி மடிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் மூன்றாவது. திட்டமிட்டுச் செய்யும் உடற்பயிற்சி நான்காவது.

ஓய்வு நிலைச் செலவைக் கணக்கிட இன்று பரவலாகப் பயன்படுவது 1990-ல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜோர் சூத்திரம். கிலோவில் உங்கள் எடையை 10-ஆல் பெருக்குங்கள். செ.மீ.யில் உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். கடைசியாக ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும், பெண் என்றால் 161 கழிக்க வேண்டும். எனக்கு 840 + 1062.5 − 225 + 5, அதாவது ஏறத்தாழ 1680 கலோரி வந்தது. பெரும்பாலானவர்களுக்கு இது பத்து சதவீதத்துக்குள் சரியாக இருக்கும்.

அடுத்து, அந்த எண்ணை ஒரு பெருக்கு எண்ணால் பெருக்குவார்கள். உட்கார்ந்த வேலைக்கு 1.2, "லேசான உழைப்பு" என்றால் 1.375, "மிதமான உழைப்பு" என்றால் 1.55. 1.2-ஐ எடுத்தால் எனக்கு 2020 கலோரி. 1.375-ஐ எடுத்தால் 2313. நடுவில் இருக்கும் அந்த 290-சொச்சம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். ஏனென்றால் 1.375 என்ற எண்ணுக்குள் வாரத்தில் சில நாள் உடற்பயிற்சி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

நான் செய்த தவறை அப்படியே சொல்கிறேன். தினமும் நடக்கிறோமே என்று ஆப்பில் "லேசான உழைப்பு" தேர்ந்தெடுத்தேன். எடை குறைய 500 கலோரி கழித்து 1813 என்று அது சொன்னது. காலையில் நடந்துவிட்டு வந்ததும் வாட்சிலிருந்து 390 தானாக ஏறியது. ஆக, அன்றைக்கு 2200 வரை சாப்பிடலாம் என்று திரையில் பச்சை நிறத்தில் தெரியும். நடையையும் சேர்த்து நான் உண்மையில் செலவழித்ததே ஏறத்தாழ 2200 தான். ஒரே நடையை இரண்டு முறை வரவு வைத்திருந்தேன். ஆறு வாரத்தில் 400 கிராம் குறைந்ததே பெரிய விஷயம்.

எனவே இன்றே உங்கள் ஆப்பைத் திறந்து, உழைப்பு நிலை என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். உட்கார்ந்த வேலை என்று போட்டிருந்தால் உடற்பயிற்சி தனிக்கணக்கு. அதற்கு மேல் எதைப் போட்டிருந்தாலும் உடற்பயிற்சி உள்ளே சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்சுக்கும் ஆப்புக்கும் உள்ள இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். ஒரு உணவியல் நிபுணர் உங்களுக்கு அளவு எழுதிக் கொடுத்திருந்தால், "இதில் என் நடையைச் சேர்த்தீர்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவர் பதிலைப் பொறுத்து இந்த வழிகாட்டியின் பாதி உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம்.

அலுவலக வேலையில் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை 1.2-தான். தையல் மெஷினில் மிதிப்பவர், கட்டட வேலை செய்பவர், நாள் முழுக்க நின்று விற்கும் கடை ஊழியர் இவர்களுக்கு அது பொருந்தாது. அவர்களுடைய உழைப்பு வேலையிலேயே இருக்கிறது.

படி 2: எரித்ததை நீங்களே கணக்கிடுங்கள்

வாட்ச் இதயத்துடிப்பை நன்றாகவே அளக்கிறது. கலோரியை அது அளப்பதில்லை. துடிப்பையும் கை அசைவையும் நீங்கள் கொடுத்த எடையையும் வைத்து ஊகிக்கிறது. 2017-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளை எடுத்து, 60 பேரை நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் விட்டுச் சோதித்தார்கள். துடிப்புக் கணக்கில் பெரும்பாலானவை தேறின. கலோரிக் கணக்கில் இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் பிசகியது, மோசமானது 93 சதவீதம் பிசகியது. அதற்குப் பிறகு கருவிகள் மாறியிருக்கின்றன, ஆனால் ஊகிக்கும் முறை அதேதான். ஜிம்மில் டிரெட்மில் காட்டும் எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் உங்கள் எடையில் ஒரு பகுதியைக் கைகள் தாங்குகின்றன. மெஷினுக்கு அது தெரியாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அந்த ஒரு மணி நேரம் நீங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 70, 80 கலோரி செலவாகியிருக்கும். அது உங்கள் தினசரி அளவில் ஏற்கெனவே இருக்கிறது. பல கருவிகள் மொத்தச் செலவைக் காட்டுகின்றன. நமக்கு வேண்டியது, நடந்ததால் கூடுதலாக ஆன செலவு மட்டுமே.

இதற்கு மனக்கணக்கே போதும்:

நடை: உங்கள் எடை (கிலோ) × தூரம் (கி.மீ.) × 0.5
ஓட்டம்: உங்கள் எடை × தூரம் × 0.9

ரேஸ் கோர்ஸ் ஒரு சுற்று ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். இரண்டு சுற்றுக்கு 5 கி.மீ. 84 × 5 × 0.5 = 210 கலோரி. வாட்ச் சொன்னது 390! கொஞ்சம் வேகமாக நடந்தால் சற்று கூடும், மெதுவாக நடந்தால் சற்றுக் குறையும். ஆனால் ஒரே தூரத்துக்கு வேகத்தால் வரும் வித்தியாசம் நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிதில்லை.

மற்றப் பயிற்சிகளுக்கு மெட் என்ற அலகு உண்டு. சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். ஹத யோகா 2.5-க்குப் பக்கம், நிதானமான நடை 3.5, மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சைக்கிள் 8. மெட் எண்ணில் 1-ஐக் கழித்து, உங்கள் எடையாலும் மணி நேரத்தாலும் பெருக்கினால் கூடுதல் செலவு கிடைக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் முக்கால் மணி நேரம் யோகா செய்தால் 1.5 × 60 × 0.75, அதாவது 67 கலோரி. யோகாவின் பலன் வேறு இடத்தில் இருக்கிறது, அதை கலோரியில் தேட வேண்டாம். எடை தூக்கும் பயிற்சிக்கும் இது பொருந்தும். செட்டுக்கு நடுவே ஓய்வெடுக்கும் நேரம்தான் அதிகம் என்பதால் கலோரிச் செலவு குறைவாகவே வரும். ஆனால் எடை இறங்கும்போது தசை கரையாமல் காப்பதில் அதற்கு இணையாக எதுவும் இல்லை. வாரம் இரண்டு நாளாவது செய்யுங்கள்.

படி 3: ஏன் பாதி?

சரி, 210 என்று கண்டுபிடித்தாயிற்று. அதை முழுதாகச் சாப்பிட்டால் என்ன?

உடம்பு ஒரு பக்கம் செலவானதை இன்னொரு பக்கம் சிக்கனம் பிடிக்கிறது. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹாட்சா மக்களை அமெரிக்க மானுடவியலாளர் ஹெர்மன் பொன்ட்சர் குழுவினர் ஆராய்ந்தார்கள். அவர்கள் நாள் முழுக்க நடந்தும், உடல் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தபோது, மொத்த ஆற்றல் செலவு மேலை நாடுகளின் நகரவாசிகளுக்கு நெருக்கமாகவே இருந்தது. 2012-ல் வெளிவந்த அந்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. பிறகு 2021-ல், 1,700-க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு, அசைவால் எரியும் கூடுதல் கலோரியில் சராசரியாக 28 சதவீதத்தை உடம்பு வேறு செலவைக் குறைத்து ஈடுகட்டிவிடுகிறது என்று காட்டியது. உடல் கொழுப்பு அதிகம் உள்ளவர்களிடம் இந்த ஈடுகட்டல் இன்னும் கூடுதலாக இருந்தது.

இதை என் அடிக்கணக்கிலேயே பார்த்தேன். நடக்கத் தொடங்கும் முன்பு அலுவலகம், வீடு, கடை எல்லாம் சேர்த்து நாளுக்கு ஐந்தாயிரம் அடி வரும். காலை நடையில் ஆறாயிரத்துச் சொச்சம் சேர்ந்தது, ஆக பதினோராயிரம் தாண்ட வேண்டும். எட்டாயிரத்து ஐந்நூறுதான் வந்தது. காலையில் நடந்தாச்சே என்று மாடிக்கு லிஃப்ட், முக்குக் கடைக்கு வண்டி, ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரத் தூக்கம். எதையும் நான் தெரிந்து செய்யவில்லை. உடம்பு தானே எடுத்துக்கொண்டது.

இதோடு உணவுக் கணக்கில் விடும் பிழையையும் சேருங்கள். சாப்பிட்டதைக் குறைத்து எழுதாதவர் அநேகமாக யாருமில்லை. வாட்சின் ஊகம், உடம்பின் சிக்கனம், உணவுக் கணக்கு என மூன்று பிழைகளும் ஒரே பக்கம்தான் சாய்கின்றன: எரித்தது கூடுதலாகவும் சாப்பிட்டது குறைவாகவும் தெரிகிறது. பாதி என்ற அளவு இந்தப் பிழைகளுக்கு இடம் விட்டு வைத்தது. அதில் அறிவியல் துல்லியம் எதுவும் இல்லை. தொடங்குவதற்கு நல்ல இடம், அவ்வளவே. படி 7-ல் இதை உங்களுக்கேற்ப மாற்றப் போகிறோம்.

படி 4: உங்கள் அளவை முடிவு செய்யுங்கள்

நான் பின்பற்றும் வரம்புகள் இவை. எல்லாமே படி 2-ல் நீங்கள் கணக்கிட்ட கூடுதல் செலவுக்குப் பொருந்தும், வாட்ச் எண்ணுக்குப் பொருந்தாது.

150 கலோரிக்குக் கீழே என்றால் கணக்கிலேயே எடுக்காதீர்கள். வீட்டு வேலை, யோகா, இருபது நிமிட நடை எல்லாம் இதில் அடங்கும்.
150 முதல் 400 வரை என்றால் பாதி.
400-க்கு மேல் என்றால் மூன்றில் இரண்டு பங்கு.

தினமும் ஒரே அளவு நடப்பவர் ஒவ்வொரு நாளும் கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை. வாரக் கணக்காகப் போட்டுவிடுங்கள். நான் வாரம் ஆறு நாள் நடக்கிறேன். 210 × 6 = 1260. பாதி 630. ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 90. உட்கார்ந்த வேலைக்கான 2020-ல் 500 கழித்து 1520, அதோடு 90 சேர்த்து 1610. நடக்கிற நாளும் 1610, மழை வந்து நடக்காத நாளும் 1610. வீட்டில் சமைப்பவருக்கும் இது நிம்மதி. தினமும் ஒரு அளவு சொல்லி அவரைப் படுத்த வேண்டாம். நடந்தால்தான் சாப்பாடு என்கிற எண்ணமும் மனதில் ஊறாது. அந்த எண்ணம் ஆபத்தானது. சாப்பிட்டதற்குத் தண்டனையாக ஓடுவதும், ஓடியதற்குக் கூலியாகச் சாப்பிடுவதும் ஒருவரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நெருங்கிய ஒருவரிடம் பார்த்திருக்கிறேன். உங்களிடம் அது தொடங்குவதாகத் தோன்றினால் கலோரி எண்ணுவதை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

வார நாட்களில் ஒன்றும் செய்யாமல் ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் ஷட்டில் ஆடுபவர், சைக்கிளில் பொள்ளாச்சி வரை போய் வருபவர், இவர்களுக்கு நாள் கணக்குத்தான் சரிப்படும். 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மூன்று மணி நேரம் மிதித்தால் கூடுதல் செலவு 70 × 7 × 3, அதாவது 1470 கலோரி. அதை வார சராசரிக்குள் கரைத்துவிட்டால் ஞாயிறு மாலை உடம்பு தாங்காது. மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 980, அன்றைக்கும் மறுநாள் காலைக்கும் பிரித்துச் சாப்பிட வேண்டும். அதில் ஒரு பகுதியை வண்டியில் இருக்கும்போதே சாப்பிட வேண்டும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் பயணத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. இரண்டு வாழைப்பழம், அல்லது ஒரு வாழைப்பழமும் நாலைந்து பேரீச்சம்பழமும் அந்த அளவுக்கு வரும்.

படி 5: குறைக்கவே கூடாதவர்கள்

விளையாட்டு மருத்துவத்தில் ஒரு கணக்கு உண்டு. சாப்பிட்ட கலோரியிலிருந்து உடற்பயிற்சிச் செலவைக் கழித்து, மீதியை உடம்பின் கொழுப்பற்ற எடையால் வகுப்பார்கள். ஒரு கிலோவுக்கு 45 கலோரி இருந்தால் நல்லது. நாள் கணக்கில் 30-க்குக் கீழே கிடந்தால் ஹார்மோன்கள் குலைய ஆரம்பிக்கும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றே போகும். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையும். எலும்பு மெலியும், எலும்பில் கீறல் விழும், அடிக்கடி சளி பிடிக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்கு ஒரு பெயர் வைத்து எச்சரிக்கை வெளியிட்டது.

ஓர் எடுத்துக்காட்டு. 58 கிலோ எடையுள்ள பெண், அரை மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறார். உடல் கொழுப்பு 28 சதவீதம் என்றால் கொழுப்பற்ற எடை சுமார் 42 கிலோ. எடை குறைய 1500 கலோரி சாப்பிடுகிறார், ஓட்டத்தில் 500 போகிறது. மீதி 1000-ஐ 42-ஆல் வகுத்தால் 24 கூட இல்லை. இவர் அந்த 500-ஐ முழுதாகத் திரும்பச் சாப்பிட்டால்தான் 35-க்கு வருவார். "நல்லா ஓடறீங்க, ஏன் சாப்பிட்டுக் கெடுத்துக்கறீங்க" என்று சொல்லும் யார் பேச்சையும் அவர் கேட்கக்கூடாது.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இந்த வழிகாட்டியை வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்புறம், சர்க்கரை நோயாளிகள். நம் ஊரில் காலை நடைக்கு வருபவர்களில் பலர் இதற்காகவே வருகிறார்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் நடக்கும்போதோ நடந்த பின்போ சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் மங்கல் தெரிந்தால் உட்கார்ந்துவிடுங்கள். அளவு 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பச் சோதிக்க வேண்டும். கருவி கையில் இல்லாவிட்டாலும் குடித்துவிடுங்கள். அந்த நேரத்தில் "இதில் 60 கலோரி இருக்கிறதே" என்று யோசிக்கவே கூடாது. நடக்கும் தூரத்தைக் கூட்டும் முன் மருத்துவரிடம் சொன்னால் மருந்தின் அளவை அவர் மாற்றித் தருவார். வெறும் வயிற்றில் நடக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: அந்த 100 கலோரியை எதில் சாப்பிடுவது?

மெஸ்ஸில் ஒரு மெதுவடை 130, 150 கலோரி வரும். இரண்டு வடையும் சர்க்கரை போட்ட ஒரு ஃபில்டர் காபியும் சேர்ந்தால் 350-ஐத் தாண்டும். இரண்டு சுற்று நடை 210. வடையை விட்டுவிடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்று சாப்பிடுங்கள், அதை அன்றைய 1610-க்குள் எழுதுங்கள்.

மற்ற நாட்களில் இந்த 100 கலோரியைப் புரதத்துக்குக் கொடுக்கவே நான் சொல்வேன். எடை குறையும் காலத்தில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் இருந்தால் பசியும் அடங்கும், தசையும் நிற்கும். நம் வீட்டுச் சாப்பாட்டில் அரிசி தானாகவே வந்துவிடும், புரதத்தைத் தேடித்தான் சேர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

ஏறத்தாழ 100 கலோரிக்கு: ஒரு முழு முட்டையும் ஒரு வெள்ளைக் கருவும். அல்லது 60 கிராம் வேகவைத்த கொண்டைக்கடலையில் தேங்காய் போடாத சுண்டல். அல்லது 150 கிராம் தயிரை அளந்து கடைந்த மோர். நடையைவிட ஓட்டம் அதிகமான நாளில் 30 கிராம் கம்பு மாவில் காய்ச்சிய கூழ், நீர்மோர் ஊற்றி. வேர்க்கடலை என்றால் உள்ளங்கையில் பாதிதான் வரும், அதனால் அதை அளக்காமல் எடுக்காதீர்கள். பூங்கா வாசலில் விற்கும் முடக்கத்தான் சூப், அருகம்புல் சாறு இவற்றில் கலோரி பெரிதாக இல்லை. இளநீரும் ஒரு காயில் 50, 60-க்குள் அடங்கிவிடும். கரும்புச் சாறு அப்படியில்லை.

நடந்து முடித்த அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும் என்று ஒரு பயிற்சியாளர் என்னிடம் அடித்துச் சொன்னார். ஒரு மணி நேர நடைக்கு அப்படி ஓர் அவசரமும் இல்லை. எந்த வேளையில் பசி உங்களை அடித்துப் போடுகிறதோ அந்த வேளைக்கு அந்த 100-ஐ ஒதுக்குங்கள். எனக்கு மாலை ஐந்து மணி. அந்த நேரத்துச் சுண்டல்தான் இரவு நாலாவது சப்பாத்தியைத் தடுத்தது.

படி 7: நான்கு வாரம் கழித்து உடம்பைக் கேளுங்கள்

சூத்திரம், மெட், பாதி எல்லாம் ஊகம். உங்கள் எடை மெஷின் மட்டுமே உங்களைப் பற்றி உண்மை சொல்லும், அதுவும் சராசரி எடுத்தால்தான்.

தினமும் காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, தண்ணீர் குடிக்கும் முன் எடை பாருங்கள். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுங்கள். ஒரு நாள் எடையைப் பார்த்து எதையும் மாற்றாதீர்கள்; முந்தின இரவு ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டாலே ஒரு கிலோ ஏறி நிற்கும். புதிதாகப் பயிற்சி தொடங்கியவர்களுக்கு முதல் இரண்டு வாரம் எடை ஏறக்கூட செய்யும். தசையில் சேமிப்பாகச் சேரும் மாவுச்சத்தான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைக் கூடவே பிடித்து வைக்கிறது. அந்த இரண்டு வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெண்கள் மாதவிடாய்ச் சுழற்சியின் அதே வாரத்தோடு அதே வாரத்தை ஒப்பிட வேண்டும். இடுப்பை இன்ச் டேப்பால் வாரம் ஒருமுறை அளந்து எழுதுங்கள்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7700 கலோரி இருக்கிறது. நான்கு வாரத்தில் குறைந்த எடையை 7700-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்தால், நாளுக்கு எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். என் வார சராசரி 83.1-லிருந்து 81.5-க்கு வந்தது. 1.6 × 7700 ÷ 28 = 440. திட்டமிட்டது 500. அறுபது கலோரி இடைவெளிக்கு எதையும் தொட வேண்டாம். அப்படியே தொடர்ந்தேன்.

நாளுக்கு 200 கலோரிக்கு மேல் துண்டு விழுந்தால், உடற்பயிற்சிக் கணக்கில் கை வைக்கும் முன் அடுப்படிக்குப் போங்கள். என் மனைவி தோசை வார்க்கும்போது நான் சமையல் தராசை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். எண்ணெய்க் கிண்ணத்தை எடை போட்டேன். மூன்று தோசை வார்த்த பிறகு திரும்ப எடை போட்டேன். 27 கிராம் குறைந்திருந்தது. எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி, ஆக 243. இரண்டு சுற்று நடை முழுவதும் அந்த மூன்று தோசையின் ஓரத்தில் போய்விட்டது. அதை நான் அதுவரை "தோசை 3" என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். யார் மேலும் தப்பில்லை, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த தோசை அது. கல்லை நன்றாகக் காயவிட்டு, துணியில் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, ஓரத்தில் அரை டீஸ்பூன் விட்டால் 8, 9 கிராமில் மூன்று தோசை வருகிறது. தேங்காய்ச் சட்னியையும் தாளிப்பையும் ஒருமுறை இப்படி அளந்து பாருங்கள்.

அதற்குப் பிறகும் எடை அசையவில்லை என்றால் திரும்பச் சாப்பிடும் பங்கைப் பாதியிலிருந்து கால் ஆக்குங்கள். எதிர்ப்பக்கமும் கவனியுங்கள். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து குறைந்தால், தூக்கம் கெட்டால், குளிர் அதிகம் தெரிந்தால், பழகிய தூரமே மலைப்பாக இருந்தால், முடி கொத்தாக வந்தால், மாதவிடாய் தவறினால், திரும்பச் சாப்பிடும் பங்கை உடனே கூட்டுங்கள். முழுதாகவே சாப்பிடுங்கள். இரண்டு வாரத்தில் தூக்கமும் தெம்பும் மாறவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். முடியும் மாதவிடாயும் சரியாக அதைவிட நாளாகும். மாதவிடாய் மூன்று மாதம் வராமல் போனால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

எடை இறங்க இறங்கக் கணக்கு மாறும்

லேசான உடம்பு ஓய்விலும் குறைவாகச் செலவழிக்கும், நடையிலும் குறைவாகச் செலவழிக்கும். நாலைந்து கிலோ குறையும் ஒவ்வொரு முறையும் படி 1, படி 2 கணக்கைத் திரும்பப் போடுங்கள். எனக்கு இப்போது 46 வயது, 76 கிலோ. ஓய்வு நிலைச் செலவு ஏறத்தாழ 1600, உட்கார்ந்த வேலையோடு 1917. அதே இரண்டு சுற்றுக்கு 210 கிடைத்த இடத்தில் இப்போது 190. பற்றாக்குறையை 500-லிருந்து 400 ஆக்கிவிட்டேன், வாரத்துக்கு 300 கிராம் குறைந்தாலும் எனக்குப் போதும். 1517-உம் நடைக்காக 80-உம் சேர்த்து நாளுக்கு 1600. எட்டு கிலோ குறைந்தும் சாப்பாடு பத்தே கலோரிதான் மாறியிருக்கிறது. மாலை ஐந்து மணி சுண்டல் இன்னும் இருக்கிறது. ஆப்பில் வாட்ச் இணைப்பை இன்னும் துண்டித்தே வைத்திருக்கிறேன். துடிப்புக்கும் தூரத்துக்கும் மட்டும் அதைப் பார்க்கிறேன்.